மூன்று மண்வெட்டிக் கணக்கு

நம் கல்லூரிச் சங்க மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள், பழைய நினைவாக இருந்தால் நல்லது, அரசியல் மட்டும் வேண்டாம் என்று மலர்க்குழுத் தம்பி தொலைபேசியில் சொன்னார். பழைய நினைவு சரி. அரசியல் இல்லாமல் கிழக்கிலங்கையின் மட்டக்களப்பைப் பற்றி எப்படி எழுதுவது? எங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் போவதற்கே கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கூட்டம் வைக்கவேண்டும்.

இங்கே லண்டனில் என் பிள்ளைகள் என்னைக் கன்சர்வேட்டிவ் என்கிறார்கள். அந்தப் பெயருள்ள கட்சிக்கு நான் சில தடவை போட்டிருக்கிறேன், சில தடவை போடவில்லை. யாராவது எதையாவது மாற்றப்போகிறோம் என்று கண்கள் பளபளக்கச் சொன்னால் நான் "மறுகா?" என்று கேட்பேன். என் கொள்கை அவ்வளவுதான். மூத்த மகளைக் கலியாணம் முடித்தவர் யாழ்ப்பாணப் பொடியன். மறுகா என்றால் 'பிறகு' என்று அவருக்கு விளங்க இரண்டு வருடம் எடுத்தது. மாமா ஏதோ மறுக்கிறார் என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாராம். அதுவும் முழுப் பிழை இல்லை.

ஆனால் கல்லூரியில் படித்த காலத்தில் நான் இப்படி இருக்கவில்லை. என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும். எழுபதுகளின் நடுப்பகுதி. நான் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்த விடுதி மாணவன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாட்டி, எங்கள் பெத்தாச்சி, கட்டித்தந்த தயிர்முட்டியோடு (தயிர்ச் சட்டி) அம்பிளாந்துறையில் பாதை என்கிற படகுத்தெப்பத்தில் ஏறி, குருக்கள்மடத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் பட்டணமான புளியந்தீவுக்கு வந்து சேர்வேன். தயிர்முட்டி விடுதிக்குள் பத்து நிமிடம்கூடத் தாங்காது. அந்த வருடம் எங்கள் வகுப்பில் ஒரு விவாதம். பழைய முறைகளை ஒழித்தால்தான் ஊர் முன்னேறுமா என்பது தலைப்பு. ஒழிக்கவேண்டும் என்ற பக்கத்துக்கு நான்தான் தலைவன். மேசையில் அடித்து அடித்துப் பேசினேன். வென்றோம். பூமிசாத்திர சேர் மட்டும் கை தட்டவில்லை. "நல்லாப் பேசினாய் மகன். ஒள்ளம் யோசிச்சும் பார்" என்றார். ஒள்ளம் என்றால் கொஞ்சம்.

நான் யோசிக்கவில்லை. அதே மாரிமழைக் காலத்தில்தான் அந்த வேலையைச் செய்தேன்.

வாவி கடலோடு சேரும் வாயான முகத்துவாரம் எப்படி வேலை செய்கிறது என்று வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாவி ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளம். கோடையில் அலை கொண்டுவந்து போடும் மணலால் முகத்துவாரம் அடைபட்டுவிடும். மாரியில் மேற்கே உன்னிச்சை, நவகிரிப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் வாவிக்குள் இறங்கும். வாவி ஏறும். ஏறினால் படுவான்கரையில் ஆற்றோரத்துத் தாழ்வயல்கள் மூழ்கும், வெள்ளாண்மை, அதாவது நெற்பயிர், அழுகும். அதனால் விவசாயிகள் மணல்திட்டை வெட்டு, வெட்டு என்பார்கள். மீன்பிடிக்காரர் பொறு, பொறு என்பார்கள். கடலிலிருந்து குஞ்சாக உள்ளே வந்த றால் (இறால்) வாவியில்தான் வளர்கிறது. அது வளரமுன் வாயைத் திறந்தால் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். இரண்டு நியாயமும் ஒரே நாளில் நடக்காது.

எங்கள் பெத்தப்பா, என் தாத்தா, ஒரு காலத்தில் வட்டவிதானை, வயல்களையும் தண்ணீரையும் பார்க்கிற ஊர் அதிகாரி. 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டத்தோடு விதானைமார் போய் விவசாயக் குழுக்கள் வந்தன. குழுவில் இருந்தவர்களும் இரவானதும் எங்கள் வளவுக்கு வந்து பெத்தப்பாவிடம்தான் கேட்பார்கள். பதவி போனாலும் கணக்கு அவரிடம்தானே இருந்தது. துறையடியில் ஒரு கல் இருந்தது. தண்ணீர் அந்தக் கல்லை மூடவேண்டும், பறுவமோ (பௌர்ணமி) அமாவாசையோ கழிந்து கடல் வற்றிப் போகிற நேரம் வரவேண்டும், மேற்கே இன்னும் மழைக்கோலம் தெரியவேண்டும். மூன்றும் சேர்ந்தால் வெட்டலாம் என்று கச்சேரிக்கு ஆள் அனுப்புவார். ஒன்று குறைந்தாலும் வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். இதையெல்லாம் நான் இப்போது பெருமையாக எழுதுகிறேன். அப்போது அவர் எனக்கு ஒரு முட்டுக்கட்டை. உண்மையைச் சொன்னால் அவருடைய நியாயங்களில் பாதி போடிமாருடைய, அதாவது பெரிய காணிக்காரருடைய, நியாயம்தான். குத்தகைக்குச் செய்தவர்களுக்கு அந்தச் சட்டம் கொஞ்சமாவது பாதுகாப்புத் தந்தது. அதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த மாரியில் தண்ணீர் கல்லைத் தொட்டது, மூடவில்லை. ஊரில் இளம் ஆட்களுக்குப் பொறுமை போய்விட்டது. கிழவர்கள் வெற்றிலை சப்பி முடிக்கும்வரை வயல் காத்துக்கொண்டிருக்குமா என்று கேட்டார்கள். ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு வள்ளத்தில் புளியந்தீவுப் பக்கம் வந்து எனக்கு ஆள் அனுப்பினார்கள். விவாதத்தில் வென்ற வாய் அல்லவா? நானும் விடுதித் தோழர்கள் இரண்டு பேரும் மதில் ஏறிக் குதித்தோம். போகிற வழியில் கல்லூரித் தோட்டத்துக் கொட்டிலில் இருந்து மூன்று மண்வெட்டி எடுத்துக்கொண்டோம். வாங்கி அதிக நாள் இல்லை, பிடியில் பச்சை வர்ணம் அடித்திருந்தது. இரண்டு சைக்கிளில் மூன்று பேர் பார் வீதியால் மிதித்தோம்.

1913இல் கட்டிய வெளிச்சவீடு அங்கே நின்றது. வேறு வெளிச்சம் இல்லை. சாரனை மடித்துக்கட்டிக்கொண்டு விடியும்வரை வெட்டினோம். முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். வாவித் தண்ணீர் அதற்குள் விரலை விட்டுப் பார்ப்பதுபோல மெல்ல வந்தது. அப்புறம் வேகம் பிடித்தது. கரை பாண் துண்டு மாதிரிப் பிளந்து பிளந்து விழத் தொடங்கியபோது மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடினோம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மத்தியானம் போய்ப் பார்த்தபோது எதிர்க்கரையில் நின்றவரின் முகம் தெரியவில்லை. மண்வெட்டிகள் வங்காள விரிகுடாவில் எங்கே கிடக்கிறதோ.

அதோடு மாரி ஓய்ந்துவிட்டது. மேற்கே மழைக்கோலம் இல்லை என்று பெத்தப்பா பார்த்தது அதைத்தான். வாவி மளமளவென்று வற்றியது. வற்றிய வாவிக்குள் கடல் ஏறியது. ஆற்றோரத்து வயல்களின் அடிப்பகுதி உப்புப் பூத்து வெள்ளையாகிவிட்டது, என் மாமாவின் இரண்டு ஏக்கர் உட்பட. வெட்டச் சொல்லி முன்னால் நின்றதே அந்த மாமாதான். றால் போய்விட்டது. என் வகுப்பில் நாவலடிப் பையன் ஒருவன் இருந்தான். தாய் பொரித்துக் கொடுத்த றாலை இடைவேளையில் எங்களுக்கும் பங்கு வைப்பவன். மூன்று கிழமை பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது தகப்பனோடு கூலி வேலைக்குப் போனதாகச் சொன்னான். யார் வெட்டினது என்று தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன். சொல்லலாம் சொல்லலாம் என்று பிற்போட்டேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு போனபோது அவர்கள் வீடு இருந்த இடத்தைக் காட்டக்கூட அங்கே ஆள் இல்லை.

பெத்தப்பா என்னை ஏசவில்லை. யார் யார் போனது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "இனி வெட்டுறதெண்டா, தண்ணி ஆர்ர வளவுக்குள்ள போகுமெண்டு கேட்டுப்போட்டு வெட்டு மனே" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார்.

பிள்ளைகள் கன்சர்வேட்டிவ் என்று பகிடி பண்ணும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அதற்காக மாற்றமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. பாதை இருந்த காலத்தை இந்த மலரிலேயே சிலர் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த உருக்கம் கிடையாது. இரவில் பிள்ளைவலி வந்த பெண்ணைத் துறையில் படுக்க வைத்துவிட்டு அக்கரையில் நிற்கும் பாதைக்குக் கூக்குரல் போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது லண்டனில் வீட்டில் பாயாசம் வைத்தோம். கல்லடியிலும் 2013இல் புதுப்பாலம் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது, 1924இல் கட்டிய பழைய பாலத்தை உடைக்காமல் பக்கத்தில் விட்டு வைத்ததுதான். பின்னேரம் அதன்மேல் நடக்கலாம். பறுவ இரவில் எங்கள் வாவிக்குப் பேர்போன மீன் பாட்டுக் கேட்குமா என்றால், புதுப்பாலத்து மோட்டார் சைக்கிள்கள் விட்டால் கேட்கும்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வைகாசியில் கதவு திறந்து, சடங்கு நடந்து, குளிர்த்தி பாடி, மறுபடி பூட்டிவிடுவார்கள். கப்புகனார் என்கிற பூசகர் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வார். எந்தக் குடிக்கு (வம்சத்துக்கு) எந்த நாள் சடங்கு, யார் மடைப் படையலுக்கு நெல் கொண்டுவருவது என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருந்தது. ஓலைக் கூரை, மண் சுவர். உள்ளே போனால் குளிராக இருக்கும். இப்போது சில ஊர்களில் கொங்கிறீற் கோபுரம், கும்பாபிஷேகம், தினப்பூசை, விடியற்காலையில் ஒலிபெருக்கி. இதைப் பாரம்பரியம் என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். எங்கே இருந்து வந்த பாரம்பரியம்? கோபுரத்துக்குக் காசு எங்கே இருந்து வந்தது என்று தேடினால் பதில் சுலபம். லண்டன், ரொறொன்ரோ, சுவிஸ். கல்வெட்டில் பெயர் பார்க்க ஆசைப்பட்டு நாமே அனுப்பினது. என் பெயரும் ஒன்றில் இருக்கிறது, ஒளிக்கவில்லை.

இன்னொன்று. பெண்ணுக்கு உரிமை என்று இங்கே கூட்டங்களில் பேசும்போது எங்களைக் காட்டுமிராண்டிகள்போலப் பார்ப்பவர்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். முடித்தவன் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். குடியும் தாய் வழியாகத்தான் வரும். இதை யாரும் சட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. பெத்தப்பா ஊருக்கு விதானையாக இருந்தும், அவர் இருந்தது பெத்தாச்சியின் வீட்டில்தான். கோபம் வந்தால் அவர்தான் திண்ணையில் போய்ப் படுப்பார். இந்த வழக்கத்தின் இன்னொரு பக்கமும் தெரியும். நாலு பெண் பெற்றவன் நாலு வீடு கட்டி முதுகு முறிந்தான்.

தம்பி அரசியல் வேண்டாம் என்றாரே, ஒரு பந்தி மட்டும். 2024 நவம்பர் 14 தேர்தலில் நாட்டின் 22 மாவட்டங்களில் 21ஐத் திசைகாட்டிச் சின்னத்துத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. மிச்சம் ஒன்று மட்டக்களப்பு. அங்கே வீட்டுச் சின்னத்துத் தமிழரசுக் கட்சிதான் வென்றது, மூன்று ஆசனத்தோடு. அன்றைக்கு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிப்பேர் பெருமைப்பட்டார்கள், பாதிப்பேர் எங்கள் சனம் திருந்தாது என்றார்கள். நான் பெருமைப்பட்ட ஆள்தான். ஆனால் வீடு என்பதற்காக அல்ல. 1956இலிருந்து தமிழரசு, பிறகு கூட்டணி என்று எங்கள் எம்பியாக இருந்த இராசதுரை அவர்களே 1979இல் யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சிப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். சின்னத்தில் மயங்குகிற வயது போய்விட்டது. ஊரெல்லாம் ஒரு பக்கம் ஓடும்போது எங்கள் சனம் நின்று "மறுகா?" என்று கேட்டதாக எனக்குத் தோன்றியது. வேறு காரணமாகவும் இருக்கலாம். என் மச்சான் சிரித்துவிட்டு, அதெல்லாம் இல்லை, வேட்பாளர்மாரைத் தெரியும், அவ்வளவுதான் என்றார்.

வாவியில் ஆற்றுவாழை இன்னும் மிதக்கிறது. ஊதாப் பூ, பார்க்க நல்ல வடிவு. 1905இல் அழகுக்காக யாரோ இலங்கைக்குக் கொண்டுவந்தது. நாலே வருடத்தில், 1909இல், அதை ஒழிக்கச் சட்டம் போடவேண்டி வந்தது. இன்றைக்கும் தோணிக்காரர் அதை விலக்கி விலக்கித்தான் வலிக்கிறார்கள். பூவைக் கொண்டுவந்தவரை நான் குறைசொல்லமாட்டேன். நல்ல மனதோடுதான் கொண்டுவந்திருப்பார். நாங்கள் மண்வெட்டி கொண்டுபோனதும் நல்ல மனதோடுதான்.

போன மாரியில் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு காலையில் முகத்துவாரத்துக்குப் போனேன். மணல்திட்டுப் பக்கத்தில் பெக்கோ என்கிற மண் தோண்டும் இயந்திரம் ஒன்று நின்றது, சாரதி உள்ளே நித்திரை. வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் எப்போது வெட்டுவார்கள் என்று கேட்டேன்.

"நேத்தும் கச்சேரியில கூட்டம் ஐயா. ஒருத்தரும் ஒத்துக்கொள்ளல்ல. நாளைக்கும் கூட்டமாம்."

நல்லது என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். ஒரு கிலோ றால் வாங்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சங்கப் பொருளாளருக்கு ஒரு குறிப்பு: இந்த வருட அன்பளிப்பில் வழமையான தொகைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அது கல்லூரித் தோட்டத்துக்கு மூன்று மண்வெட்டி வாங்க. பிடிக்குப் பச்சை வர்ணம் அடிக்கச் சொல்லவும். என்னோடு வந்த மற்ற இரண்டு பேரில் ஒருவர் இந்த மலரைப் படிப்பார். அவர் விரும்பினால் தன் பங்கை எனக்குத் தரலாம்.