எனோஷிமா: கடல் பார்த்த குகையில் கலைவாணி

டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் ஒடாக்யூ ரயில் ஏறினால், பெரும்பாலும் ஃபுஜிசாவாவில் வண்டி மாறி, ஒன்றேகால் மணி நேரத்தில் கடாசே-எனோஷிமா வந்துவிடும். பாலத்தைக் கடந்தால் பென்சைத்தென் குடியிருக்கும் தீவு. பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் சேர்ந்த நம் சரஸ்வதிதான் இவள். கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானிய நரம்பிசைக் கருவி.

முதல் சந்நிதி ஹெத்சுமியா. தீர்த்தத் தொட்டியில் ஒரே ஒரு கரண்டி நீர்தான் மொள்ள வேண்டும். முதலில் இடக்கை, பிறகு வலக்கை. இடது உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளிக்க வேண்டும். கரண்டியில் வாய் படக்கூடாது. கடைசியில் கரண்டியை நிமிர்த்தினால் மிச்ச நீர் வழிந்து காம்பைக் கழுவிவிடும். எனவே முதலிலேயே நீரைத் தீர்த்துவிடாதீர்கள். சந்நிதி முன் இரு முறை குனிந்து, இரு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிவது முறை.

பக்கத்து எண்கோண மண்டபத்தில் எட்டுக் கை அம்மனும், ஆடையில்லாமல் பிவா ஏந்திய வெண்ணிற அம்மனும் இருக்கிறார்கள். அங்கே படமெடுக்கக் கூடாது. கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணாரக் கும்பிடுங்கள்.

பலர் இங்கேயே திரும்பிவிடுவது பெரிய இழப்பு. அம்மனின் ஆதி இருப்பிடம் தீவின் மறுகோடியிலுள்ள இவாயா குகை. அந்தக் காலத்தில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குகைக்குள் கடல்நீர் புகும் என்பதால், அம்மனை மேலேயுள்ள ஒகுத்சுமியா சந்நிதிக்கு எழுந்தருளச் செய்வார்களாம். இன்றும் அலை பெரிதானால் குகையை மூடிவிடுகிறார்கள், காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். மாலைக்குள் அடைத்துவிடுவதால் கடைத்தெருவில் நேரத்தைப் போக்க வேண்டாம். நகரும் படிக்கட்டு ஏறுவதற்கு மட்டும்தான், அதுவும் உச்சி வரைதான். குகைக்கு இறங்கிய படிகளைத் திரும்பக் காலால்தான் ஏறியாக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் குகைப் பக்கமிருந்து திரும்பப் படகை நம்பலாம், ஆனால் அலை இருந்தால் அதுவும் ஓடாது.

குகையில் மெழுகுவர்த்தி தருவார்கள். ஃபிளாஷ் போட்டால் அந்த ஒளியே செத்துவிடும். கேமராவில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 3200, ஷட்டர் 1/30 நொடி வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள். கோடையில் குளிர்ந்த லென்ஸ் வெளிக்காற்று பட்டதும் பனித்துப்போகும். பைக்குள்ளேயே பத்து நிமிடம் இருக்கட்டும்.

வெளியே சிகோகாஃபுச்சி பாறைத்தளம், 1923 பூகம்பத்தில் கடலிலிருந்து மேலெழுந்தது. குளிர்கால மாலையில் மேற்கே ஃபுஜி மலை தெளிவாக நிற்கும். கோடையில் மூட்டம் மறைத்துவிடும். வானத்தின் வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் மலை நிழலுருவாக விழும். லென்ஸில் படியும் உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், பருந்து பின்னாலிருந்து வந்து பறித்துவிடும்.