விரல்கள் அறியாத சாவி

இன்று மாலை வீட்டு வாசலில் நின்று கைப்பைக்குள் துழாவியபோது, விரலில் தட்டுப்பட்டது சாவியா, ஐந்து ரூபாய் நாணயமா என்று எனக்குத் தெரியவில்லை.

பையில் இருந்த அனைத்தையும் படிக்கட்டில் கொட்டி, கண்ணால் பார்த்துத்தான் சாவியை எடுத்தேன்.

14 மாதங்களாக என் இரு கைகளும் மரத்துப்போகின்றன. சர்க்கரை நோய் இல்லை. தைராய்டு சீராக இருக்கிறது. பி12 சத்தும் குறையவில்லை. மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டிருந்தால் பெரும்பாலும் கட்டைவிரலிலிருந்து மோதிர விரலின் பாதி வரைதான் மரக்கும், சுண்டுவிரல் தப்பிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். எனக்கோ சுண்டுவிரலும் சேர்ந்தே மரக்கிறது.

நரம்பின் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தி அதன் வேகத்தை அளக்கும் சோதனையும் இயல்பாகவே வந்தது. அந்தச் சோதனை பருத்த நரம்பிழைகளையே அளக்கிறது என்பதையும், சூட்டையும் வலியையும் உணர்த்தும் மெல்லிய இழைகள் பழுதாகியிருந்தால் அதில் தெரியாது என்பதையும் பின்னரே அறிந்தேன்.

‘எல்லாம் நார்மல்’ என்றதும் வீட்டார் மகிழ்ந்தார்கள். எனக்கு அந்தச் சொல் கதவை அடைப்பதுபோல் இருந்தது. பெயரில்லாத ஒரு நோய்க்கு விடுப்பு விண்ணப்பத்தில் என்ன காரணம் எழுதுவது? குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட இவ்வளவு நேரம் ஆவதை யாரிடம் எப்படிச் சொல்வது?

இரவில் அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கி என் உள்ளங்கைகளில் தேய்த்துவிடுகிறார். அந்தச் சூடு எனக்குச் சரியாகத் தெரியாது என்பதால், முதல் சொட்டை எப்போதும் தன் முன்கையில் விட்டுப் பார்த்துக்கொள்கிறார்.