மொரிஸ் மைனரை இழுத்துவர டிகுவானுக்கு டோபார் போட்ட கதை

இங்கிலாந்தில நோர்ஃபோக் மாவட்டத்து ஸ்வொஃபம் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டிலுக்கை கிடந்த 1965 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒண்டு எனக்கு அம்பிட்டுது. ரெண்டு கதவு, 1098 சிசி எஞ்சின், எஞ்சின் இறுகிப்போய் டயர் நாலும் தட்டையாக் கிடக்குது, ஆனா அடித்தகடு அவ்வளவா உக்கேல்லை. விலை பேசி முடிச்சாச்சு, இனி அதை லண்டன் ஹரோவில எங்கட வீட்டை கொண்டுவரவேணும். ரிக்கவரி லொறிக்காரர் கேட்ட காசு கார் வாங்கின காசின்ர பாதிக்குக் கிட்ட வந்துது, அதோட வெல்டிங், பெயின்ற் எண்டு இந்தக் காரை இனியும் கனதரம் ஏத்தி இறக்க வேண்டிவரும் எண்டபடியால், எங்கட வொக்ஸ்வாகன் டிகுவானுக்கே ஒரு டோபாரை (ட்ரெய்லர் கொழுவக் காரின்ர பின்னால பூட்டுற, நுனியில உருண்டை உள்ள கம்பி) போட்டு ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்து நானே இழுக்கிறது எண்டு முடிவெடுத்தன். மனிசி "உந்தப் பழைய இரும்புக்காக ஓடுற காரையும் ஓட்டை போடப்போறியளோ?" எண்டு கேட்டா. சேசிஸில ஓட்டை ஒண்டும் போடேல்லை, அதைப் பிறகு சொல்லுறன்.

மொரிஸ் மைனர் ஏன் எண்டு யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவைக்காக ரெண்டு வரி: அலெக் இசிகோனிஸ் கீறின கார், 1948 இல லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில முதல் முதல் காட்டினவை, பெரும்பாலும் ஒக்ஸ்போர்ட் கவுளி ஃபக்டரியில செய்தது, 16 லட்சம் காருக்கு மேல வெளியில வந்தது. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் ஊரில பெற்றோல் இல்லை, சூப்பியால கார்பரேட்டருக்கு ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடின கார்களில இதும் ஒண்டு. அந்தப் புகை மணம் தெரிஞ்ச ஒருத்தன் கொட்டிலுக்கை இதைக் கண்டால் விட்டுட்டு வருவானே.

முதல்ல மச்சான் சொன்ன யோசனை ஏ ஃபிரேம். முன் சக்கரத்தடியில ஒரு முக்கோணக் கம்பியைக் கொழுவி, கார் தன்ர நாலு சக்கரத்திலயே பின்னால உருண்டு வரும், ட்ரெய்லர் வாடகை மிச்சம் எண்டார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்கத்தைச் சட்டப்படி ஏ ஃபிரேமில கொழுவின உடனை அந்தக் கார் ட்ரெய்லர் ஆகிடும், 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லர் எண்டால் அதில வேலை செய்யிற பிரேக் இருக்கவேணும், இழுக்கிற கார் பிரேக் பிடிக்கேக்கை அதும் பிடிக்கவேணும். மொரிஸ் மைனர் வெறுமையாவே கிட்டத்தட்ட 775 கிலோ. போதாக்குறைக்கு இந்தக் காரில வேலை செய்யிற பிரேக் எண்டு ஒண்டுமே இல்லை. ரோட்டில சக்கரம் உருண்டால் அது ரோட்டில ஓடுற வாகனம் எண்ட கணக்கிலயும் வந்திடும், ட்ரெய்லருக்கு மேல ஏத்தினால் அது வெறும் சாமான். அதோட மச்சானின்ர யோசனை முடிஞ்சுது.

இப்ப நிறைக் கணக்கு. டோபார் போட நினைக்கிற ஆக்கள் கனபேர் முதல்ல பாரைத்தான் தேடுகினம், கதவுத் தூணில ஒட்டியிருக்கிற தகட்டை ஒருத்தரும் பாக்கிறேல்லை. அதில நாலு இலக்கம் இருக்கும். முதலாவது காரும் உள்ளுக்கை இருக்கிற ஆக்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு நிறை வரலாம் எண்டது, ரெண்டாவது காரும் ட்ரெய்லரும் சேர்ந்து எவ்வளவு எண்டது, மற்ற ரெண்டும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும். ரெண்டாவதில இருந்து முதலாவதைக் கழிச்சால் இழுக்கக்கூடிய நிறை கிடைக்கும். ரெண்டாவது இலக்கம் இல்லாட்டி, இல்லை பூச்சியம் எண்டு இருந்தால், அந்தக் கார் ட்ரெய்லர் இழுக்கிறதுக்கு இல்லை, எந்தப் பாரைப் போட்டும் பிரயோசனமில்லை. என்ர கார் 2.0 டீசல் 4மோஷன் (நாலு சக்கரமும் இழுக்கிறது), கழிச்சுப் பாக்க 2,500 கிலோ வந்துது. ஒரே அளவு ஆளாத் தெரியிற எஸ்யூவி எல்லாம் இதில ஒண்டில்லை, என்ர கூட்டாளி ஒருத்தன்ர 1.5 டீசல் நிசான் கஷ்காயை இரவல் கேட்பமோ எண்டு முதல்ல யோசிச்சனான், அதுக்கு 1,200 கிலோதான்.

வாடகை ட்ரெய்லர் ரெண்டு அச்சு, வெறும் நிறை 560 கிலோ. மைனர் 775. கொட்டிலுக்கை கிடந்த பழைய கியர்பொக்ஸ், கதவு எண்டு இன்னும் ஒரு 60, 70 கிலோ. எல்லாம் சேர்த்து 1,400. டிகுவான் கிட்டத்தட்ட 1,700 கிலோ. புதுசா இழுக்கிற ஆக்கள் தங்கட கார் நிறையின்ர 85 வீதத்துக்குள்ள நிக்கச் சொல்லி ஒரு அறிவுரை இருக்கு, சட்டமில்லை, ஆனா நியாயமான கதை. 1,700 இல 85 வீதம் 1,445. மட்டுமட்டாத்தான், ஆனா உள்ளுக்கை. லைசன்ஸ் பற்றி ஒரு வரி: 1997 ஜனவரி 1 இல இருந்து டெஸ்ட் பாஸ் பண்ணின எங்களுக்கு முந்தி இதுக்கு வேற டெஸ்ட் தேவைப்பட்டிருக்கும், 2021 டிசம்பர் 16 இல இருந்து சாதாரணக் கார் லைசன்ஸிலயே 3,500 கிலோ வரைக்கும் ட்ரெய்லர் இழுக்கலாம்.

பார் விசயத்துக்கு வருவம். டீலரிட்டக் கேட்டன், ஆயிரம் பவுண்டுக்கு மேல ஒரு கணக்குச் சொல்லி, அதுவும் வயரிங் தனி எண்டிச்சினம். நான் கழட்டிப் பூட்டக்கூடிய, அன்னத்தின்ர கழுத்து மாதிரி வளைஞ்ச 'அன்னக் கழுத்து'ப் பாரும், ட்ரெய்லர் லைட்டுக்குக் கரண்ட் குடுக்க இந்தக் காருக்கெண்டே செய்த 13 பின் வயரிங் கிட்டும் சேர்த்து அதின்ர பாதிக்குக் கிட்ட வாங்கினன். 1998 ஆகஸ்ட் 1 இல இருந்து பதிஞ்ச கார் எண்டால் டைப் அப்ரூவல் (சோதிச்சுக் குடுத்த அங்கீகாரம்) உள்ள பார்தான் போடவேணும், பாரில ஒட்டியிருக்கிற தகட்டில அந்த 'ஈ' முத்திரை இருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ. நிரந்தரமா நிக்கிற பார் மலிவுதான், ஆனா ஹரோவில என்ர பார்க்கிங் இடம் இருக்கிற லட்சணத்துக்கு அந்த உருண்டையில முதல் முட்டுறது என்ர முழங்கால்தான்.

பூட்டுற வேலை மச்சானும் நானும் ட்ரைவ்வேயில செய்தது. பின் லைட் ரெண்டையும் எடுத்து, சக்கர வளைவுக்குள்ள இருக்கிற ஸ்க்ரூவைக் கழட்டி, அடியில கிளிப் எல்லாம் எடுத்தால் பம்பர் ரெண்டு பக்கமும் 'டக் டக்' எண்டு பின்னுக்கு இழுபட்டு வரும். இழுத்த வேகத்தில எடுத்துக்கொண்டு போகேலாது, பார்க்கிங் சென்சர் வயர் உள்ளுக்கை கொழுவி நிக்கும், அந்தச் சொக்கெட்டைக் கழட்டிப்போட்டுத்தான் எடுக்கவேணும். அதுக்குள்ள ஒரு இடிதாங்கிக் கம்பி இருக்கும், அதை எடுத்து ஒரு பக்கம் வைச்சிட்டு டோபாரின்ர குறுக்குக் கம்பி அந்த இடத்துக்குப் போகுது, பழைய கம்பி திருப்பி வராது. சேசிஸ் ரெயில் ரெண்டு பக்கமும் ஃபக்டரியிலயே ஓட்டை போட்டு ரப்பர் அடைப்பான் வைச்சிருக்கிறாங்கள். அதைப் பிடுங்க உள்ளுக்கை இருந்து மெழுகுப் பூச்சு ஒழுகி என்ர கையெல்லாம் தேன் மாதிரி ஒட்டிச்சுது. பாரின்ர கை ரெண்டும் ரெயிலுக்குள்ள நேரா வழுக்கிக்கொண்டு போகும், ஒருத்தர் தூக்கிப் பிடிக்க மற்றவர் எல்லா போல்ட்டையும் கையால மட்டும் ஏத்தவேணும், எல்லாம் ஏறின பிறகுதான் டோர்க் ரெஞ்ச். இறுக்கத்தின்ர அளவு பாரோட வாற தாளில இருக்கும், கண்மட்டத்துக்கு விடுற வேலை இல்லை. பம்பரின்ர அடிப்பக்கத்தில மட்டும் தாளில இருந்த அச்சைப் பாத்து ஒரு துண்டு வெட்டவேணும், நிண்டு பாத்தால் தெரியாது.

இரும்பு வேலை ஒரு காலமை முடிஞ்சுது. வயரிங்தான் ஆளைக் கொல்லுற வேலை. பழைய காரில எண்டால் பின் லைட் வயரைக் கீறி ஒட்டிப்போட்டுப் போகலாம், இந்தக் காலத்துக் கார் அப்பிடியில்லை, எந்த பல்ப்புக்கு எவ்வளவு கரண்ட் போகுது எண்டதைக் கம்பியூட்டர் பாத்துக்கொண்டிருக்கும், நீங்கள் கூட ஒரு பல்ப்பைக் கொழுவினால் பிழை எண்டு மணி அடிக்கும். அதால டிக்கியில ஒரு மொடியூல் (சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி) வைச்சு, அங்கையிருந்து கதவடிப் பிளாஸ்டிக் எல்லாத்தையும் கிளப்பி, கம்பளத்துக்குக் கீழால வயரை டாஷ்போர்ட் ஃபியூஸ் பெட்டி வரைக்கும் கொண்டுபோகவேணும். எல்லாம் கொழுவி முடிச்சும் கார் தனக்கு டோபார் இருக்கெண்டதை நம்பாது. லப்டொப்போட வீட்டை வந்து காரின்ர கம்பியூட்டரை மாத்தி அமைக்கிற கோடிங் தம்பி ஒருத்தரைக் கூப்பிட்டன். அவர் காரின்ர கம்பியூட்டர்களை இணைக்கிற கேட்வேயில ட்ரெய்லர் எண்டதை ஒன் பண்ணி, ஏபிஎஸ் மொடியூலிலயும் ட்ரெய்லர் ஆடினால் பிடிக்கிற அந்த ஸ்டெபிலிட்டி வேலையைத் திறந்துவிட்டார். இதுக்காகத்தான் எல்லாக் காருக்கும் பொதுவான மலிவு வயரிங் வேண்டாம் எண்டுறது. அதில லைட் எரியும், ஆனா பின்னால ட்ரெய்லர் நிக்குதெண்டு காருக்குத் தெரியாது. இப்ப பிளக்கைக் கொழுவின உடனை பின் பார்க்கிங் சென்சர் தானா நிக்குது, காரின்ர பின் ஃபொக் லைட் நிண்டு ட்ரெய்லரில எரியுது. இன்சூரன்ஸுக்கும் அடிச்சுச் சொன்னன், காசு கூட்டேல்லை, குறிச்சு வைச்சினம்.

வாடகை ட்ரெய்லருக்கு 7 பின் பிளக், என்னட்ட 13 பின் சொக்கெட், அதுக்கு ஒரு அடப்டர். பின்னால டிகுவானின்ர இலக்கத்தோட மஞ்சள் நம்பர் பிளேட். கொழுவிப்போட்டு ஜொக்கி வீலைக் (ட்ரெய்லரின்ர முன்னுக்கு இருக்கிற சின்னச் சக்கரம்) கீழ இறக்கிச் சுத்திப் பாருங்கோ, உருண்டையைக் கவ்வுற கப்ளிங் சரியாப் பூட்டியிருந்தால் காரின்ர பின்பக்கமும் சேர்ந்து மேல எழும்பும், எழும்பாமல் ட்ரெய்லர் மட்டும் கழண்டு வந்தால் ரோட்டில வரவேண்டியது ட்ரைவ்வேயில வந்திட்டுது எண்டு சந்தோசப்படுங்கோ. பிரேக்அவே கேபிளை உருண்டைக் கழுத்தில சும்மா எறியாமல் பாரில அதுக்கெண்டு இருக்கிற வளையத்தில கொழுவவேணும், ட்ரெய்லர் கழண்டு போனால் அதுதான் ட்ரெய்லரின்ர ஹாண்ட்பிரேக்கை இழுத்து நிப்பாட்டும்.

ஸ்வொஃபத்தில காரை வித்த ஐயா எண்பது வயசு, தேத்தண்ணி தந்துபோட்டு கதிரை போட்டு இருந்து பாத்தார். டயருக்குக் காத்தடிச்சா மூண்டு நிண்டுது. பின் இடது சக்கரம் மட்டும் அசையேல்லை, பிரேக் ட்ரம்மோட ஒட்டிக்கிடக்கு. ட்ரம்மைச் சுத்திவர சுத்தியலால தட்டத் தட்ட துரு கொட்டி ஒரு 'டங்' சத்தத்தோட விட்டுது, ஐயா கை தட்டினார். கேபிளைச் சுத்தி இழுக்கிற வின்ச்சில மெல்ல மெல்ல ட்ரெய்லரில ஏத்தினது.

ஏத்தின பிறகுதான் முக்கியமான விசயம், மூக்கு நிறை. ட்ரெய்லரின்ர மூக்கு டோபார் உருண்டையில எவ்வளவு நிறையை வைக்குது எண்டது. குறைஞ்சால் ட்ரெய்லர் பாம்பாட்டம் ஆடும், கூடினால் காரின்ர பின்பக்கம் குந்தி முன் சக்கரத்தில பிடி இருக்காது. மொத்த நிறையில 5 இல இருந்து 7 வீதம் நல்லது, எனக்கு 70 இல இருந்து 98 கிலோ, டிகுவானுக்கு மேல் எல்லை 100. வீட்டில இருந்து குளியலறைத் தராசைக் கொண்டு போனனான் (மனிசிக்குச் சொல்லேல்லை). ட்ரெய்லரைக் கழட்டி, சமதரையில தராசை வைச்சு, உருண்டை உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிமித்தி, கப்ளிங்கை அதில இறக்கினால் இலக்கம் காட்டும். 112 காட்டிச்சுது. மைனரின்ர எஞ்சின் முன்னுக்கு எண்டபடியால் காரைக் கொஞ்சம் பின்னுக்கு விட்டு திருப்பி இறக்க 88. அந்த இடத்திலயே நாலு டயருக்கும் மேலால பட்டி போட்டு இறுக்கியாச்சு. பட்டியைக் காரின்ர உடம்பில போடாமல் டயரில போட்டால் சஸ்பென்ஷன் சும்மா ஆடும், அந்த ஆட்டத்தால பட்டி தளராது.

சிங்கிள் ரோட்டில 50 மைல், டுவல் கரேஜ்வேயிலயும் மோட்டர்வேயிலயும் 60. ஏ 1065 இல பிரண்டன் வரைக்கும் பின்னால ஒரு ஊர்வலமே வந்துது, ரோட்டோரத்தில வாகனம் நிப்பாட்டுற லே-பையில ஒதுங்கி அதுகளை விட்டு, அப்பிடியே பட்டியையும் பாத்தன், டயர் நசிஞ்சு ரெண்டு பட்டி தளர்ந்திருந்தது. பார்ட்டன் மில்ஸில ஏ 11, பிறகு எம் 11. பிரேக் பிடிக்கேக்கை ட்ரெய்லர் முன்னுக்குத் தள்ளி தன்ர பிரேக்கைத் தானே பிடிக்கும், முதல் தரம் அந்தத் தள்ளு முதுகில தெரிய நெஞ்சு ஒருக்கா இடிச்சுது, பிறகு பழகிட்டுது. பெரிய லொறி முந்தேக்கை ட்ரெய்லரை ஒரு பக்கம் உறிஞ்சும், அப்ப பிரேக்கில கால் வைக்காமல் அக்ஸிலரேட்டரை மட்டும் விட்டுக்கொடுத்து ஸ்டியரிங்கை நேரா வைச்சிருக்கவேணும். எம் 25 இல வலது ஓரத்து லேனுக்குப் போகேலாது, ட்ரெய்லர் இழுக்கிற கார் மூண்டு லேனோ கூடவோ உள்ள மோட்டர்வேயில அதைப் பாவிக்கக்கூடாது. டீசல் கணக்கு வழமையைவிட நல்லாக் கூட, ஆனா லொறிக்காரர் கேட்டதுக்குக் கிட்டவும் வரேல்லை.

பின்னுக்கு எடுக்கிறது வேற கலை. எங்கட ரோட்டில இரண்டு பக்கமும் கார், ஸ்டியரிங்கின்ர அடியில கையை வைச்சு ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகவேணுமோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோ எண்டு ஆரோ சொல்லித் தந்தது உதவிச்சுது, அதோட மச்சான் எதிர்ப்பக்கம் நிண்டு "இன்னும், இன்னும், நில்!" எண்டு கத்தினதும். கடைசியில ட்ரெய்லரைக் கழட்டி ஆக்கள் சேர்ந்து கையால தள்ளித்தான் வாசலுக்குள்ள விட்டது, வெக்கமில்லை.

ட்ரெய்லரை அடுத்தநாள் திருப்பிக் குடுத்தாச்சு. அன்னக் கழுத்தைத் திறப்பால கழட்டித் துணி சுத்தி டிக்கிக்குக் கீழ வைச்சிருக்கிறன், ஓட்டைக்கு மூடியைப் போட மறந்தால் மழைத்தண்ணியும் உப்பும் போய்ப் பிடிச்சிடும், அடுத்தமுறை கழுத்து ஏறாது. மைனர் இப்ப கராஜுக்கை, நாலு பிளக் ஓட்டையாலயும் எண்ணெய் விட்டு ஊறப்போட்டிருக்கிறன், எஞ்சின் இளகினால் அதைப் பற்றி எழுதுறன். தராசை இன்னும் கழுவேல்லை.