தேடுபவருக்குத் தெரிய வேண்டிய நம் இணையத்தளங்கள்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சிறுதொழில் செய்வோர் சொந்தமாக இணையத்தளம் வைத்திருப்பதைக் காண மிகுந்த மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பல தளங்களின் பக்கத் தலைப்பில் ‘முகப்பு’ என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. கூகுள் தேடலில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அந்தத் தலைப்புத்தான் என்பதால், அங்கே ‘முல்லைத்தீவு நெத்தலிக் கருவாடு: விலையும் விநியோகமும்’ என்று எழுதியிருந்தால், கொழும்பிலோ கனடாவிலோ இருந்து தேடுபவர் தமக்கு வேண்டியது இதுதான் என்று உடனே அறிந்துகொள்வார். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போட்டுவிடாதீர்கள். விலை, நிறை, தொலைபேசி எண் யாவும் எழுத்தாகவே பக்கத்தில் இருக்க வேண்டும்.

பார்ப்பவர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலில் எழுதும் குறிச்சொற்களின் பட்டியலை (meta keywords) நிரப்பித் தளத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிப் பணம் கேட்போரை நம்ப வேண்டாம். தரவரிசைக்கு அந்தப் பட்டியலைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. மாறாக, இலவசமாகக் கிடைக்கும் கூகுள் சேர்ச் கொன்சோலில் உங்கள் தளத்தைப் பதிந்து, மக்கள் எந்தச் சொற்களைத் தேடி உங்களிடம் வருகிறார்கள், தேடலில் காட்டுவதற்காகக் கூகுள் சேர்த்துவைக்கும் பக்கங்களின் அட்டவணையில் (index) எந்தப் பக்கம் இன்னும் சேரவில்லை என்பவற்றைப் பாருங்கள். திருத்திய பக்கத்தைக் கூகுள் மீண்டும் வாசிப்பதற்குச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம் என்பதால், அதற்குள் பதறித் தலைப்பை மறுபடியும் மாற்றாதீர்கள்.