சேர்க்கை சரியில்லை என்று சொல்லி முடிக்க முடியாத கதை: ஃபெய்த்தும் பஃபியும்

நல்ல பெண் ஒருத்தி திடீரென்று வகுப்பைக் கட் அடித்து, கடையை உடைத்து, போலீஸ் காரிலிருந்து தப்பி ஓடினால் நாம் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவோம்: சேர்க்கை சரியில்லை. ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் சீசனைப் பற்றியும் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். வாம்பயர் வேட்டைக்காரி பஃபியின் ஊருக்கு அவளைப் போலவே சக்தி கொண்ட ஃபெய்த் வந்தாள், பஃபி கெட்டாள், பிறகு திருந்தினாள் என்று. கவனித்துப் பார்த்தால் தொடர் சொல்வது இதுவல்ல. பஃபிக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு பசியை ஃபெய்த் பெயர் சொல்லி அழைத்தாள், அவ்வளவுதான். அந்தப் பசி எப்போது, யாரால் வளர்ந்தது என்பதை எழுத்தாளர்கள் பல எபிசோட்களுக்கு முன்பிருந்தே தடம் போட்டு வைத்திருக்கிறார்கள். (முழுக் கதையும் கீழே வெளிப்படும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

முதலில் கணக்கு. ஒரு தலைமுறைக்கு ஒரே ஸ்லேயர், அதாவது வாம்பயர்களை வேட்டையாடும் சக்தி பெற்ற ஒரே பெண், என்பதுதான் இந்த உலகத்தின் விதி. ஒருத்தி இறந்தால் அடுத்தவளுக்குச் சக்தி போகும். முதல் சீசன் இறுதியில் பஃபி நீரில் மூழ்கி ஒரு சில நிமிடம் இறந்து பிழைத்ததால் கெண்ட்ரா வந்தாள். இரண்டாம் சீசன் முடிவில் கெண்ட்ராவை ட்ருஸில்லா என்ற வாம்பயர் கொன்றதும் ஃபெய்த் வந்தாள். கெண்ட்ரா விதிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்தவள். ஃபெய்த் பாஸ்டனிலிருந்து தனியாக ஓடிவந்து மோட்டல் அறையில் தங்கியிருப்பவள். பஃபி இந்த இருவருக்கும் நடுவில் நிற்கிறாள்.

1998 அக்டோபரில் ஒளிபரப்பான, மூன்றாம் சீசனின் மூன்றாவது எபிசோடிலேயே விதை விழுகிறது. வேட்டை முடிந்ததும் வயிற்றுப் பசியும் உடல் பசியும் சேர்ந்து வருமே என்று ஃபெய்த் எல்லோர் முன்னாலும் கேட்கிறாள். பஃபி சங்கடப்பட்டு, எனக்குச் சில சமயம் கொழுப்பில்லாத தயிர் சாப்பிடத் தோன்றும் என்று சமாளிக்கிறாள். சிரிப்பதற்காக எழுதிய காட்சிதான். ஆனாலும், இந்த வேலை எனக்குப் பிடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் துணிவு யாருக்கு இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. அதே எபிசோடில், பஃபி இன்னொரு பக்கம் மாட்டிக்கொண்டு திணறும்போது, ஃபெய்த் ஒரே வாம்பயரைக் கீழே போட்டுக் கைமுட்டியால் குத்திக்கொண்டே இருக்கிறாள். கொன்றுவிட்டு உதவிக்கு வர வேண்டும் என்ற நினைப்பே இல்லை. தன் வாட்சர் (ஸ்லேயருக்குப் பயிற்சி தரும் வழிகாட்டி) கண்ணெதிரே கொல்லப்பட்டதைத் தாங்க முடியாமல் ஓடிவந்தவளின் கோபம் அது. பின்னால் நடக்கப்போவது முழுவதும் அந்தச் சண்டையில் இருக்கிறது.

14ஆம் எபிசோடான ‘பேட் கேர்ள்ஸ்’ஸைப் புரிந்துகொள்ள 12ஆம் எபிசோடைப் பார்த்தே ஆக வேண்டும். பலர் இந்த இணைப்பைத் தவறவிடுகிறார்கள். பஃபிக்கு 18 வயது ஆகிறது. வாட்சர்ஸ் கவுன்சிலின் பழைய சோதனை ஒன்று: ஸ்லேயருக்குத் தெரியாமல் ஊசி போட்டு அவள் சக்தியை எடுத்துவிட்டு, ஒரு வாம்பயரோடு ஒரே வீட்டில் அடைத்துவிடுவது. அந்த ஊசியைப் போட்டவர் அவளுடைய வாட்சரான கைல்ஸ், அவள் அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்த மனிதர். மனம் கேட்காமல் அவர் உண்மையைச் சொல்லிவிட, கவுன்சில் அவரையே வேலையிலிருந்து நீக்குகிறது. இரண்டு எபிசோட் கழித்து அவர் இடத்துக்கு வெஸ்லி வந்து அதிகாரமாகப் பேசும்போது பஃபி ஏன் மதிக்க வேண்டும்? விதியைப் போட்டவர்களே அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். ‘விதியெல்லாம் நமக்கில்லை’ என்று ஃபெய்த் சொல்வது அந்தக் காயத்தின் மேல்தான் நேராகப் போய் விழுகிறது. 12 இல்லாமல் 14 மட்டும் இருந்திருந்தால், பஃபியின் மாற்றம் கதைக்காகத் திணித்ததாகவே தெரியும்.

1999 பிப்ரவரி 9 அன்று வந்த ‘பேட் கேர்ள்ஸ்’ஸை எழுதியவர் டக்ளஸ் பெட்ரி. செல்வாக்கு எப்படி ஏறுகிறது என்பதை அவர் பேச்சில் காட்டவில்லை, பஃபியின் உடலில் காட்டுகிறார். ஓர் இரவு, எதிரிகள் எத்தனை பேர் என்று தெரியாத குழிக்குள் ஃபெய்த் குதித்துவிடுகிறாள். பஃபி தயங்கி, பிறகு தானும் குதிக்கிறாள். கீழே தண்ணீரில் ஒருவன் அவள் தலையை அமுக்க, மூச்சு முட்டிச் சாகப் பார்க்கிறாள். ஏற்கெனவே நீரில் மூழ்கி இறந்தவள் இவள். அந்த அனுபவம் பயத்தைத்தான் தந்திருக்க வேண்டும். மறுநாள் பள்ளியில் அவள் அதை நண்பர்களிடம் எப்படி வர்ணிக்கிறாள் என்று பாருங்கள்: கண் பளபளக்கிறது, கை நிற்கவில்லை. பக்கத்தில் தோழி வில்லோவின் முகம் சுருங்குகிறது.

அடுத்து வேதியியல் தேர்வு. ஜன்னலுக்கு வெளியே ஃபெய்த் வந்து நிற்கிறாள். கண்ணாடியில் மூச்சை ஊதி, விரலால் ஒரு இதயம் வரைந்து, அதன் குறுக்கே வாம்பயரைக் குத்திக் கொல்லும் கூர்மரக் கட்டை ஒன்றையும் வரைகிறாள். பஃபி ஜன்னல் வழியாகவே வெளியேறிவிடுகிறாள். வசனமே தேவைப்படாத இடம் இது. ‘வா’ என்று ஃபெய்த் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. பகலில் வேட்டை, இரவில் நடனம், பிறகு ஆயுதம் வேண்டுமென்று பூட்டிய கடைக்குள் நுழைவது. ஆசைப்படு, எடு, வைத்துக்கொள் என்ற ஃபெய்த்தின் சூத்திரத்தைப் பஃபி தன் வாயாலேயே திருப்பிச் சொல்லும்போது வட்டம் முழுதாகிறது. போலீஸ் பிடிக்கிறது. காருக்குள்ளிருந்து இருவரும் சேர்ந்து தடுப்பை உதைக்க, கார் மோதி நிற்கிறது. அடிபட்ட காவலர்களுக்காகப் பஃபி ஒரு கணம் தயங்குகிறாள், ஆனால் கிளம்பிவிடுகிறாள். குழியருகே அவள் தயங்கிய நேரத்தையும் இந்தத் தயக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தயக்கம் குறைந்துகொண்டே வருகிறது.

அப்புறம் அந்தச் சந்து. இருட்டு, வாம்பயர்கள் அடுத்தடுத்துப் பாய்கிறார்கள், இருவரும் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு கை பஃபியைப் பிடிக்கிறது. அவள் திரும்பிப் பார்க்காமலே அந்த ஆளைத் தூக்கி வீசுகிறாள். அவன் போய் விழும் இடத்தில் ஃபெய்த் கட்டையோடு வருகிறாள். பஃபிக்கு அரை நொடி முன்னால் புரிந்துவிடுகிறது, கத்துகிறாள், அதற்குள் கட்டை இறங்கிவிட்டது. வாம்பயர் என்றால் தூளாக வேண்டிய உடம்பிலிருந்து ரத்தம் வருகிறது. இறந்தவர் துணை மேயர் ஆலன் ஃபின்ச். குத்தியது ஃபெய்த் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த மனிதரை அவள் முன்னால் கொண்டுபோய்ப் போட்டது பஃபி என்பது பெரும்பாலும் மறந்துபோகிறது. அடுத்த எபிசோடில் பஃபிக்கு வரும் கெட்ட கனவில் ஃபின்ச் அவளையும் சேர்த்துத் தண்ணீருக்குள் இழுப்பது இதனால்தான்.

‘கான்சீக்வென்சஸ்’ என்ற அந்த 15ஆம் எபிசோடில்தான் இருவரும் பிரிகிறார்கள். பஃபி வில்லோவிடம் அழுது எல்லாவற்றையும் சொல்கிறாள். ஃபெய்த்திடம் அப்படிச் சொல்லி அழ யாரும் இல்லை, அதனால் கைல்ஸிடம் போய்ப் பழியைப் பஃபி மேலேயே போடுகிறாள். கைல்ஸ் நம்பவில்லை. ஃபெய்த்தை மீட்க நடக்கும் முயற்சிகள் எங்கே பிசகுகின்றன என்பதுதான் இந்த எபிசோடின் நுட்பம். ஓர் இரவு உறவை நெருக்கம் என்று நினைத்துப் போன பஃபியின் நண்பன் ஸாண்டர் கழுத்து நெரிபட்டுச் சாகப் பார்க்கிறான். பஃபியின் காதலனும் வாம்பயருமான ஏஞ்சல் மட்டும் சரியாகப் பேசுகிறான், கொலையின் ருசி தெரிந்தவன் என்பதால். ஃபெய்த் கேட்கத் தொடங்கும் நேரத்தில் வெஸ்லி ஆட்களோடு புகுந்து அவளைப் பிடித்துக்கொண்டு போகிறான். அவள் தப்பிவிடுகிறாள். அதன் பிறகு அவள் யார் பேச்சையும் கேட்கும் நிலையில் இல்லை. அதே இரவு மேயரின் வாம்பயர் கையாளான மிஸ்டர் ட்ரிக்கைக் கொன்று பஃபியின் உயிரைக் காப்பாற்றுகிறாள். பிறகு நேராக, இந்த சீசனின் வில்லனான அந்த மேயரின் கதவையே தட்டுகிறாள். இரண்டும் ஒரே பெண் செய்தவை.

குறை ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஏஞ்சல் நரகத்திலிருந்து திரும்பி வந்ததைப் பஃபி மறைத்தது தெரிந்து, ஏழாவது எபிசோடில் ஃபெய்த் உடைந்துபோகிறாள். அந்த விரிசலுக்கும் ‘பேட் கேர்ள்ஸ்’ நெருக்கத்துக்கும் நடுவில் போதுமான பாலம் இல்லை. பத்தாவது எபிசோடில் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பஃபி அழைத்ததும், ஃபெய்த் தயங்கித் தயங்கிப் பரிசோடு வந்து நிற்பதும் மட்டுமே இருக்கிறது. அழகான காட்சிதான், ஆனால் இன்னும் ஒன்றிரண்டு வேண்டியிருந்தது. மறுபடி பார்ப்பவர்கள் 3, 7, 10, 12, 14, 15 என்ற வரிசையில் பாருங்கள். 13ஐ விட்டாலும் ஸாண்டர் விவகாரத்தைத் தவிர எதுவும் குழப்பாது.

நான்காம் சீசனில், 2000 பிப்ரவரியில், இந்தக் கணக்கு தலைகீழாகிறது. மூன்றாம் சீசன் முடிவில் பஃபியோடு மோதிக் கோமாவுக்குப் போய், அதிலிருந்து எழுந்த ஃபெய்த், மேயர் விட்டுச்சென்ற கருவியால் பஃபியின் உடலுக்குள் புகுந்துகொள்கிறாள். கண்ணாடி முன் நின்று பஃபியைப் போல் ‘அது தப்பு’ என்று சொல்லிக் கேலி செய்கிறாள், திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். ஊரை விட்டுப் போக விமான நிலையம் வரை வந்தவள், ஒரு தேவாலயத்தில் வாம்பயர்கள் மக்களைப் பிடித்துவைத்திருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் திரும்புகிறாள். உள்ளே நுழைந்து, கேலிக்குப் பழகிய அதே சொல்லை இந்த முறை சிரிக்காமல் சொல்கிறாள். பிறகு தன் பழைய முகத்தோடு பஃபி எதிரில் வந்து நிற்க, அந்த முகத்தை, தன் முகத்தை, நிறுத்தாமல் குத்துகிறாள். அன்று பஃபியைக் கவனிக்காமல் அந்த வாம்பயரைக் குத்தினாளே, அதே மாதிரி.