சார்ல்ஸ்டனில் வீடு பார்த்த நாட்கள்

அக்டோபர் 5

அமெரிக்காவின் தெற்குக் கரோலைனா மாநிலத்துக் கடலோர ஊர் சார்ல்ஸ்டன். இங்கே பிராட் தெருவுக்குத் தெற்கே இன்று முதல் வீட்டைப் பார்த்தோம். அகலம் ஒரே ஓர் அறை. நீளமெல்லாம் உள்ளே போகிறது. தெருக்கதவைத் திறந்தால் கூடம் வரும் என்று காலெடுத்து வைத்தேன், வந்தது நீண்ட தாழ்வாரம். 'பியாஸா' என்கிறார்கள். தெற்கிலோ மேற்கிலோ அமைத்து, காற்றை வீட்டுக்குள் இழுத்து, வெயிலை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். மாடித் தாழ்வாரத்தில் என் துப்பட்டா படபடத்தது. இவருக்கு அங்கேயே வீடு பிடித்துப்போய்விட்டது. எனக்கும்தான்.

அக்டோபர் 6

வெளிச்சுவர்களில் வட்டமான இரும்புத் தகடுகள். அலங்காரம் என்று நினைத்திருந்தேன். 1886 ஆகஸ்ட் 31 இரவு வந்த நிலநடுக்கத்தில் சுவர்கள் விரிந்த பிறகு, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை இரும்புக் கம்பி கோத்து இறுக்கினார்களாம். தகடு அந்தக் கம்பியின் முனை.

தெருவுக்குத் தெரிகிற ஜன்னலை மாற்றக்கூட, பழைய கட்டடங்களில் செய்யும் மாற்றங்களைப் பரிசீலிக்கும் நகர வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தரகர் சலித்துக்கொண்டார். பழைய நகர்ப்பகுதியைக் காக்க இந்த நாட்டில் முதன்முதலில், 1931இல், சட்டம் போட்ட ஊர் இது. அது இல்லாவிட்டால் நாங்கள் வந்து பார்க்க இத்தனை வீடுகள் மிஞ்சியிருக்குமா?

அக்டோபர் 9

மழை இல்லை. ஆனாலும் ஓதம் ஏறியபோது வடிகால் வழியாகக் கடல்நீர் தெருவுக்கு வந்துவிட்டது. வெள்ளக் காப்பீட்டுத் தொகையைக் கேட்டு வாயடைத்துப்போனோம்.

அக்டோபர் 12

மறுபடியும் அதே வீடு. இந்த முறை பின்கட்டைத் திறக்கச் சொன்னேன். விற்பனைக் குறிப்பில் 'தனி விருந்தினர் இல்லம், வாடகைக்கு விடலாம்' என்று இருக்கிறது. உள்ளே ஆள் குனிந்து நுழையக்கூடிய அடுப்பு வாய். மேலே இரண்டு தாழ்ந்த அறைகள். அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்கள் கீழே சமைத்து, அந்த அனலுக்கு மேலேயே படுத்திருக்கிறார்கள். தேவதாரு மரத்தளத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர்கள் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

வெளியே வரும்போது ஒரு செங்கலில் விரல் தடங்கள் கண்ணில் பட்டன. ஈரக் கல்லைத் திருப்பிப் போட்ட விரல்கள். இந்த ஊர்ச் செங்கற்சூளைகளில் அடிமைக் குழந்தைகளும் அந்த வேலையைச் செய்தார்கள். ஒரு குழியில் என் சுண்டுவிரலை வைத்தேன். நுழையவில்லை.

இரவு இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அக்டோபர் 13

சால்மர்ஸ் தெருவில் மனிதர்களை ஏலம் விட்ட கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அங்கிருந்து அந்த வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டோம், அவ்வளவுதான் தூரம்.

வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றார் இவர். நாம் விட்டால் வேறொருவர் வாங்கி, அடுப்பு வாயை அடைத்துக் குளியலறை கட்டிவிடுவார் என்றேன். அந்தக் காலத்து முதலாளி இறந்தால் போடும் சொத்துப் பட்டியலில், நாற்காலிக்கும் குதிரைக்கும் நடுவே அடிமைகளின் பெயரும் விலையும் இருக்கும். இந்த வீட்டின் முதல் உரிமையாளர் யார் என்று தரகரிடம் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை ஆவணக் காப்பகத்துக்குப் போகிறோம். விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.