உருளைக்கிழங்கும் இல்லை, முட்டையும் இல்லை

எங்கள் வீட்டுக்கு நேர் கீழ் மாடியில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட்டில் வயேக்காஸ் பகுதி. ஐம்பதுகளில் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் குடிசை போட்டு, பிறகு செங்கல் வைத்து, மெல்ல மெல்லப் பெருக்கிய இடம். பாட்டியும் அப்படி லா மாஞ்சாவில் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்தான். வந்த இடத்தில் ஒரு மாட்ரிட்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே இருந்துவிட்டார். மேசையிலிருந்து ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் எடுத்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்ப மேசையில் வைப்பார். நான் கொண்டுபோகும் எலுமிச்சை சாதத்தில் ஒரு பருக்கைகூட மிஞ்சாது. பிடித்ததா என்று கேட்டால், "சாப்பாடுதானே, பிடிக்காமல் என்ன?" என்பார்.

1936 ஜூலையில் ஸ்பெயின் ராணுவத்தின் ஒரு பகுதி குடியரசு அரசாங்கத்துக்கு எதிராகக் கிளம்பியது; உள்நாட்டுப் போர் வெடித்தது. 1939 ஏப்ரல் 1 அன்று கிளர்ச்சிப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஃபிராங்கோ வெற்றியை அறிவித்தார். நடுவில் நடந்த சண்டைகளைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தப் போரைப் பற்றி பிக்காஸோ வரைந்த குவெர்னிக்கா ஓவியத்தைக் காட்ட நானும்தான் மியூசியத்துக்குக் கூட்டிப்போகிறேன். ஆனால் அந்தப் போர் இந்த ஜனங்களிடம் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டால், நான் சமையலறையைத்தான் காட்டுவேன்.

போர் ஆரம்பித்ததுமே நாடு ஒரு விநோதமான கணக்கில் பிரிந்துவிட்டது. கோதுமை விளையும் காஸ்டில் பெரும்பாலும் ஃபிராங்கோ பக்கம். சாப்பிட வாய்கள் நிறைந்த மாட்ரிட்டும் பார்சிலோனாவும், ஆரஞ்சு விளையும் வலென்சியாவும் குடியரசுப் பக்கம். முற்றுகையில் மாட்டிக்கொண்ட மாட்ரிட்டுக்கு நாள் தவறாமல் கிடைத்தது தோல் உரிக்காத மைசூர்ப் பருப்பு. அப்போதைய பிரதமர் ஹுவான் நெக்ரின் மருத்துவம் படித்தவர் என்பதால், ஜனங்கள் அதற்கு "டாக்டர் நெக்ரின் மாத்திரை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாட்டியின் கணவர் சின்னப் பையனாக அந்த மாத்திரைகளை விழுங்கியவர். சாகும்வரை அந்தப் பருப்பைத் தட்டில் வாங்கியதில்லையாம்.

1938 அக்டோபரில் ஃபிராங்கோவின் விமானங்கள் மாட்ரிட் மேல் ரொட்டி போட்டன. ஆமாம், ரொட்டிதான். தங்கள் ஸ்பெயினில் நெருப்பில்லாத அடுப்பும் இல்லை, ரொட்டியில்லாத குடும்பமும் இல்லை என்று அச்சடித்த காகிதத்தில் சுற்றி. அதே ஊரில் அதற்கு முன்பு குண்டு போட்டவர்களும் அவர்களேதான். விஷம் வைத்திருப்பார்கள், தொடாதே என்று பாட்டியின் கணவரிடம் அவர் அம்மா கத்தியிருக்கிறார். அவர் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து முழுதாகத் தின்றுவிட்டாராம்.

சரி, அந்த வாக்குறுதி கொடுத்தவர்கள் ஜெயித்தார்களே, பிறகு என்ன ஆனது? 1939 மே மாதம் ரேஷன் வந்தது, 1952 வரை போகவில்லை. வளர்ந்த ஆணுக்கு முழுப் பங்கு, பெண்ணுக்கு அதில் 80 சதவீதம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 60. கறுப்பு ரொட்டி. காபிக்குப் பதில் சிக்கரி. நம் ஊர்க்காரர்களுக்கு சிக்கரி புதிதில்லை, ஆனால் இவர்கள் குடித்தது காபியே சேராத சிக்கரி.

அரசாங்கம் வறட்சியைக் காரணம் காட்டியது. கோதுமைக்கு அரசே அடிமாட்டு விலை நிர்ணயித்ததால் விவசாயிகள் மூட்டையைப் பதுக்கினார்கள், வெளிநாட்டு இறக்குமதி வேண்டாம் என்ற பிடிவாதம் மீதியைக் கெடுத்தது என்று வரலாற்றாசிரியர்கள் இப்போது சொல்கிறார்கள். பசியாலும் அதோடு வந்த நோய்களாலும் செத்தவர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கள்ளச்சந்தை கொழித்தது. பாட்டியின் அம்மா பாவாடைக்கு உள்பக்கம் பை தைத்து அதில் மாவு நிரப்பி ரயிலேறுவாராம். சில பெண்கள் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே மூட்டையை ஜன்னல் வழியாக எறிந்துவிட, தண்டவாளத்தின் ஓரம் நிற்கும் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மாட்டியதெல்லாம் இவர்கள்தான். லாரி லாரியாகக் கடத்தியவர்களுக்கு மேலிடத்தில் ஆள் இருந்தது.

லா மாஞ்சாவில் பஞ்சத்துக்குக் கைகொடுத்தது அல்மோர்த்தா. அது வேறொன்றுமில்லை, நம் ஊரில் துவரம்பருப்போடு கலப்படம் செய்கிறார்கள் என்று எச்சரிப்பார்களே, அந்தக் கேசரிப் பருப்பு. மாவாக அரைத்துக் கூழ் காய்ச்சுவார்கள். எப்போதாவது சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் அதுவே சாப்பாடு என்றால் கால் விறைத்து நடக்க முடியாமல் போகும். நாற்பதுகளில் இங்கே அப்படி முடங்கியவர்கள் நிறைய. 1967இல் மனிதர் உண்ணத் தடை போட்டார்கள். ஆனாலும் மாட்டுத் தீவனம் என்ற பெயரில் மாவு விற்றது, ஜனங்கள் பன்றிக்கொழுப்பும் பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டுக் கிண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 2018இல் தடையை எடுத்தார்கள். பாட்டிக்கு அது இன்றைக்கும் குளிர்கால விருந்து. கால் போன பக்கத்து வீட்டுக்காரர் கதையைச் சொல்லிக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்.

அப்புறம், தலைப்பில் சொன்ன ஆம்லெட். இக்னாசி தொமெனெக் என்ற கத்தலோனிய சமையல்காரர் 1941இல் வெளியிட்ட புத்தகத்தில், உருளைக்கிழங்கும் முட்டையும் இல்லாமல் உருளைக்கிழங்கு ஆம்லெட் செய்யச் சொல்லிக்கொடுக்கிறார். ஆரஞ்சின் தோலுக்கும் சுளைக்கும் நடுவே உள்ள வெள்ளைப் பகுதியை ஊறவைத்தால் அதுதான் கிழங்கு. நான்கு கரண்டி மாவு, பத்துக் கரண்டி தண்ணீர், ஒரு கரண்டி சமையல் சோடா, உப்பு, மிளகுத்தூள், எண்ணெய், மஞ்சக்கரு நிறத்துக்குக் கொஞ்சம் சாயம், இதுதான் முட்டை. செய்து பார்த்தேன். சாயத்துக்கு மஞ்சள்தூள் போட்டேன். பார்க்க ஆம்லெட்தான்; வாயில் வைத்தால் முதலில் சோடா, பின்னாலேயே கசப்பு. ஒரு துண்டைக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். பாட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு எண்ணெய் ஊற்றினாய், மகளே?" என்றார். மூன்று கரண்டி என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அவ்வளவு எண்ணெய் இருந்தால் நாங்கள் ஏன் தோலைத் தின்கிறோம்?"

இவ்வளவு பேசுகிறவர், அப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே வரி: "39இல் கூட்டிக்கொண்டு போனார்கள்." உடனே சர்க்கரைவள்ளிக்கிழங்கு அவித்த கதைக்குத் தாவிவிடுவார். எனக்குத் தோன்றுவது இதுதான். பசியைப் பற்றிப் பேசலாம், அதற்குக் கட்சி கிடையாது. வறட்சி என்று சொல்லிவிட்டால் யாரையும் குற்றம் சாட்டியதாகாது. மற்றதைப் பேசினால் யார் சுட்டது, யார் காட்டிக்கொடுத்தது என்று போகும்; காட்டிக்கொடுத்தவர் எதிர்வீட்டிலேயே இருப்பார். கொலைகள் இரண்டு பக்கமும் நடந்தன. குடியரசுப் பகுதியில் பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளுமாகக் கிட்டத்தட்ட 7,000 பேரைக் கொன்றார்கள். ஆனால் ஜெயித்தவர்களின் செத்தவர்களுக்குக் தேவாலயச் சுவரில் பெயர் பொறித்தார்கள். தோற்றவர்கள் பள்ளத்திலேயே கிடந்தார்கள். ஃபிராங்கோ செத்த பிறகு 1977இல் வந்த பொதுமன்னிப்புச் சட்டம் இரு தரப்பையும் விசாரணையிலிருந்து விடுவித்தது. 2000இல் பிரியாரான்சா தெல் பியெர்சோ என்ற ஊரில் 13 பேரைத் தோண்டியெடுத்து, டிஎன்ஏ வைத்து அடையாளம் கண்ட பிறகுதான் பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். தேடும் பொறுப்பு அரசுடையது என்று சட்டம் சொன்னது 2022இல்.

பாட்டிக்கு இதெல்லாம் பிடிக்காது. டிவியில் தோண்டும் காட்சி வந்தால் சேனலை மாற்றிவிடுவார். அவர் மகள் போன வருஷம் போய், தாத்தாவை அடையாளம் காண டிஎன்ஏ சோதனைக்கு எச்சில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார், நானும் சொல்லக்கூடாதாம். இதைத் தமிழில் எழுதுவதால் அந்த வீட்டில் யாரும் படிக்க முடியாது என்று தைரியமாக இருந்தேன். மொழிபெயர்க்கிற ஆப் இப்போது எல்லார் போனிலும் இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார்.